மூன்று முறை தெரிவிக்கப்பட்டது

மர்லா வென்ட்ஸ் அந்தக் கடிதத்தை லைலுக்கு முன்னாலேயே படித்துவிட்டாள். வினையே அங்கேதான் தொடங்கியது. படிக்காமல் இருந்திருந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. அவளும் தன்னையே கேட்டுக் கேட்டு மருகியிருக்க மாட்டாள்.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி காலை அது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், தேசியக் காவல்படையின் பொறியாளர் கம்பெனி எனும் படைப்பிரிவு ஒன்று. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு நூறு பேர் வந்து கட்டடத்தை நிறைப்பார்கள். விவசாயி, லாரி ஓட்டுநர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் அந்த இரண்டு நாளைக்குச் சிப்பாய்கள். மற்ற நாட்களில் அங்கே இருப்பது நாலே பேர். அந்த நாலு பேரில் மூத்தவள் மர்லா. முழுநேர சார்ஜண்ட், பத்தொன்பதாவது வருஷம். சம்பளம், விடுப்பு, மருத்துவம், எந்தக் காகிதமானாலும் அவள் மேஜையைத் தொடாமல் மேலேயும் போகாது, கீழேயும் வராது.

கடிதம் லைல் ஹோவ்லாண்டின் ராணுவ மெயிலுக்கு வந்தது. அவளுக்கு ஒரு நகல். லைலும் சார்ஜண்ட்தான், ஆனால் மாதத்துக்கு இரண்டு நாள் சார்ஜண்ட். மீதி நாளெல்லாம் நூற்று நாற்பது மைல் வடக்கே சர்க்கரை பீட் கிழங்கு பயிரிடுகிறவன். ஜூன் மாதக் கோடை முகாமில் தற்காலிகப் பாலம் போடும்போது இரும்புச் சட்டம் ஒன்று நழுவி, அவன் வலது தோளைக் கிழித்துவிட்டது. ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பணியில் பட்ட அடி என்று ஒப்புக்கொண்டால் ஆபரேஷனை ராணுவமே செய்யும், ஆறும் வரை சம்பளமும் தரும். இல்லையென்றால் அவன் பாடு.

கடிதம் 'இல்லை' என்றது. தோளில் இருப்பது பழைய காயம், வயல் வேலையில் பட்டதாக இருக்கலாம், பணியில் பட்டதாகக் கொள்ள முடியாது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சாட்சியத்தோடு எழுதவும். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

"அடப் பாவிங்களா," என்றாள் மர்லா, கணினித் திரையைப் பார்த்து. சட்டம் விழுந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூவரிடமும் அரைப் பக்கம் எழுதி வாங்கினால் இந்தக் கடிதம் நிற்காது. அரை நாள் வேலை. ஆனால் ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் லைல்.

பழைய மர்லாவாக இருந்தால் அந்த நிமிஷமே திரையைக் கைபேசியில் படம் பிடித்து அவனுக்குத் தட்டிவிட்டிருப்பாள். வருஷக்கணக்காக அவள் செய்துவந்தது அதைத்தான். ராணுவ மெயில் சும்மா திறந்துவிடாது. அடையாள அட்டையைக் கருவியில் செருக வேண்டும், ரகசிய எண் போட வேண்டும். மாதம் இரண்டு நாள் வருகிறவன் வீட்டில் அந்தக் கருவி எங்கே இருக்கும்? இருந்தாலும் அது என்றைக்கு வேலை செய்யும்? ஆனால் மேலிடத்துக்காரர்கள் எழுதுவதைப் பார்த்தால் எல்லாச் சிப்பாயும் காலை முதல் மாலை வரை மேஜையில் உட்கார்ந்து மெயில் பார்ப்பதாகத்தான் நினைப்பு. பத்து நாளில் பதில் கேட்கும் கடிதம், மாதப் பயிற்சி முடிந்த மறுநாள் வரும். அதையெல்லாம் மர்லா படம் பிடித்து அனுப்பிவிடுவாள். பையன்கள் அதற்கு 'மர்லா தபால்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஏப்ரலில் அந்தத் தபால் நின்றுபோனது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை. வீட்டில் போய் முடிக்கலாம் என்றால் வீட்டிலிருந்த கருவி ஒரு வாரமாக அட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. கோடை முகாமுக்குப் போகும் நாற்பத்திரண்டு பேரின் பட்டியலைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டாள். பேர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் அதில் இருந்தன. பத்தே நிமிஷத்தில் எங்கோ ஒரு இயந்திரம் அதைப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஓபர்க் நேரில் வந்து நின்றார். எல்லாரும் அவரை 'சீஃப்' என்பார்கள். நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் போனது. கர்னல் ஒரு கண்டனக் கடிதம் எழுதி மர்லா முன்னாலேயே தன் மேஜை இழுப்பறையில் வைத்தார். ஒரு வருஷம் சுத்தமாக இருந்தால் கிழித்துப் போடுவார். இன்னொரு தவறு நடந்தால் அது அவளுடைய நிரந்தரக் கோப்புக்குப் போகும். போனால் இருபது வருஷம் முடித்து ஓய்வூதியம் வாங்குவது சந்தேகம்தான். 

மன்னிப்புக் கடிதம் வாங்கியவர்களில் லைலும் ஒருவன். அடுத்த பயிற்சிக்கு வந்தபோது அவள் மேஜையில் வந்து சாய்ந்துகொண்டான்.

"என் பிறந்த நாள் ஊருக்கே தெரிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கீங்க, சார்ஜண்ட். அதுக்கப்புறம் ஒரு கேக்காவது வந்துச்சா?"

"போடா அந்தப் பக்கம். உன் கார்டு எங்கே?"

அவன் சட்டைப்பையைத் தடவினான். அட்டை பக்கத்து அறைக் கணினியில் இருந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எவனாவது அட்டையைக் கணினியிலேயே விட்டுவிட்டுப் போனால், முதலில் பார்த்தவன் அந்த இடத்தில் உட்கார்ந்து, 'நாளை எல்லாருக்கும் என் செலவில் டோனட்' என்று அவன் பேரில் கம்பெனி முழுவதற்கும் மெயில் அனுப்பிவிடுவான். மறுநாள் அவன் வாங்கி வந்தே தீர வேண்டும். லைல் அளவுக்கு டோனட் வாங்கியவன் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அன்றைக்கும் மெயில் போய்விட்டிருந்தது.

இப்போது அந்தக் கடிதத்தைப் பார்த்தபடி மர்லா கைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் ஒரு வரி தட்டினாள்: 'உங்கள் ராணுவ மெயிலைப் பார்க்கவும்.' கண்ணில் படாத வரி அது. வருடாந்தரப் பாதுகாப்புப் பாடத்தை இணையத்தில் முடிக்கச் சொல்லி ஆகஸ்டு முதல் வாரா வாரம் இதே வரியைத்தான் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். அனுப்பிய பிறகு இன்னொரு வேலையும் செய்தாள். செய்தியின் படத்தை அச்செடுத்து, தேதியும் மணியும் எழுதி, லைலின் கோப்பில் வைத்தாள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம். லைலுக்காக அல்ல, தனக்காக.

அக்டோபர் முதல் தேதி இன்னொரு முறை அனுப்பினாள். அதையும் அச்செடுத்தாள்.

அக்டோபர் முதல் தேதி என்றால் அந்தப் பக்கத்தில் பீட் அறுவடை தொடங்கும் நாள். உறைபனி முந்திக்கொள்வதற்குள் கிழங்கைத் தோண்டி ஆலைக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். ஞாயிறும் கிடையாது, சாப்பாட்டு நேரமும் கிடையாது. அக்டோபர் மாதப் பயிற்சிக்கு வராமல் இருக்க லைல் செப்டம்பரிலேயே அனுமதி வாங்கியிருந்தான். அந்தத் தாளும் மர்லா மேஜையைத் தாண்டித்தான் போனது.

நாலாம் தேதி மத்தியானம் அவனே கூப்பிட்டான். பின்னால் லாரி எஞ்சின் சத்தம்.

"சார்ஜண்ட், குவியல்ல வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி இருபது லாரி. அதான் உங்களைத் தொல்லை பண்ணலாம்னு."

"தோள் எப்படி இருக்கு?"

"இடது கையால ஓட்டறேன். கியர் மாத்தும்போதுதான் உயிர் போகுது. அதை விடுங்க. மெயில் பாருன்னு போட்டிருந்தீங்கல்ல? மச்சான்கிட்ட அந்த கார்டு ரீடர் கடன் வாங்கி, நேத்து சாப்பாட்டு மேஜைல உக்காந்து பாத்தேன். பின் நம்பர் தப்பு. இன்னொண்ணு போட்டேன், தப்பு. மூணாவதா என் பொண்ணு பிறந்த நாளைப் போட்டேன். கார்டு பூட்டிக்கிச்சு."

மூன்று முறை தப்பாகப் போட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற எண் யாருக்கு நினைவிருக்கும்? பூட்டிக்கொண்டால் அட்டையும் ஆளுமாக நேரில் வந்துதான் திறக்க வேண்டும்.

"நீ இங்கே வந்தாத்தான் திறக்க முடியும், லைல்."

"இப்பவா? எங்கப்பா என்னைக் கிழங்கோட சேத்துக் கொட்டிடுவாரு. நவம்பர்ல வரேனே." கொஞ்சம் நிறுத்தினான். "ஆபரேஷன் விஷயம் ஏதாவது வந்துச்சா?"

மர்லாவின் கண்ணெதிரே கடிதம் திறந்தே இருந்தது. இருபத்திரண்டு நாள் பாக்கி. அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதே நேரத்தில் ஓபர்க்கின் முகமும் கர்னலின் இழுப்பறையும் வந்தன. மருத்துவ விவரம், சொந்தக் கைபேசி, பாதுகாப்பில்லாத இணைப்பு. பாடத்தில் இருக்கும் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து வாயை அடைத்தன.

"உன் மெயில்ல என்ன இருக்குன்னு ஃபோன்ல பேச முடியாது. நீயே வந்து பாரு."

லைல் சிரித்தான். "ஓ, அந்தப் பாதுகாப்புப் பாடமா? தெரியாதவன் லிங்க் அனுப்பினா தொடாதே, அதுதானே? நவம்பர்ல முடிச்சுத் தரேன், பயப்படாதீங்க. கெட்ட சேதியா இருந்தா நீங்க என்கிட்ட சொல்லாம இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

மர்லா வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்ஜண்ட்? ஹலோ?" அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். "ஹலோ?" பிறகு வைத்துவிட்டான்.

பதினைந்தாம் தேதி மூன்றாவது முறை அனுப்பினாள். அதே வரிதான். அச்செடுத்துக் கோப்பில் வைத்தாள். கெடு நாளான இருபத்தாறாம் தேதி சத்தமில்லாமல் கடந்து போனது. நூற்று நாற்பது மைல் அந்த ஊரில் ஒரு தூரமே இல்லை. நல்ல மீன் வறுவலுக்காக அவ்வளவு தூரம் போய்வருகிறவர்கள் உண்டு. மர்லாவே போயிருக்கிறாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குவியலில் நின்று, 'டேய், இறங்கி வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. வீட்டில் தோட்டத்து இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் பயிற்சிக்கு லைல் வந்தான். அட்டையைத் திறந்து கொடுத்தார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து மெயிலைப் பார்த்தான். மர்லா தன் நாற்காலியிலேயே காத்திருந்தாள். அவன் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"இருபத்தாறோட முடிஞ்சுபோச்சே, சார்ஜண்ட்."

"மூணு தடவை அனுப்பினேனே, லைல்."

அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவன் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினான். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கம்பெனி கேப்டன் ஆஷ்பி வயதில் சின்னவர், ஆனால் விடவில்லை. மூன்று சாட்சிகளிடமும் எழுதி வாங்கி, கால அவகாசம் கேட்டு மேலே அனுப்பினார். மேலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. சிப்பாய்க்குத் தகவல் தெரிவிக்கப்பட்டதா? கோப்பை அனுப்பவும்.

மர்லா அன்று தன் கையால் ஒரு பக்கம் எழுதினாள். அட்டை பூட்டிக்கொண்டது, நான் அனுப்பிய செய்தியில் விஷயம் என்னவென்று இல்லை, அவர் ஃபோனில் கேட்டபோது நான் சொல்லவில்லை, தவறு என்னுடையது. எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பின் மேலேயே வைத்தாள். அடியில் அந்த மூன்று அச்சுத் தாள்களும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கோப்பிலிருந்து காகிதத்தை உருவுவது செய்த தவறைவிடப் பெரிய குற்றம். விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் பதில் வந்தது. 'சம்பந்தப்பட்டவருக்கு மூன்று முறை தெரிவிக்கப்பட்டதற்குத் தேதியிட்ட ஆதாரம் உள்ளது. அவகாசம் அளிக்க இடமில்லை.' அவள் எழுதிய பக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மேல்முறையீடு என்று இன்னொன்று உண்டு, அதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதற்குள் இன்னொரு தாளும் வந்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவர் பணிக்குத் தகுதியில்லை. ஏப்ரலில் லைல் விலகிக்கொள்ள வேண்டும்.

மார்ச்சில் ஓபர்க் வழக்கமான சோதனைக்கு வந்தார். மர்லா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"ஒரு நிமிஷம். ஃபோன்ல சொல்லக்கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் சீஃப். பாடத்துல—"

"ஊரான் விஷயத்தை வெளியே சொல்லாதேன்னு சொன்னேன். அவன் விஷயத்தை அவன்கிட்ட சொல்றதுல என்ன ரகசியம் இருக்கு? சரி, பயமா இருந்துச்சு, விவரம் வேண்டாம். 'முக்கியமான விஷயம், இன்னிக்கே கிளம்பி வா'. இதைச் சொல்லக்கூட தடையா?"

மர்லா மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"எனக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே, மர்லா." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நீ எந்த விதியையும் மீறலை. அதைப் பத்திக் கவலைப்படாதே."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது அடி விழுந்தது போல இருந்தது. ஒரு தண்டனை கொடுத்திருந்தாலாவது வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

ஏப்ரல் பயிற்சி சனிக்கிழமை காலை கர்னல் வந்தார். எல்லார் முன்னாலும் அந்தக் கண்டனக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். ஒரு வருஷம், ஒரு சின்னப் பிசகு கூட இல்லை, உங்களையெல்லாம் இவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறேன் என்றார். கை தட்டினார்கள். கேப்டன் ஆஷ்பி மூன்று பெட்டி டோனட் வாங்கி வந்து அவள் மேஜையில் வைத்திருந்தார். மர்லா எல்லாருக்கும் நன்றி சொன்னாள். ஒன்றைக்கூட அவளால் தொட முடியவில்லை.

பத்து மணிக்கு லைல் வந்தான், சொந்த உடையில். சீருடையும் சாமான்களும் கொண்ட பையைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, கடைசியாக அட்டையை ஒப்படைக்க அவளிடம் வந்தான். பெட்டிகளைப் பார்த்ததும் அவன் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"யாரு கார்டை விட்டுட்டுப் போனது?"

"யாரும் இல்ல. எனக்காக வாங்கினது." அவள் ஒரு பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். "கர்னல் அந்த லெட்டரைக் கிழிச்சுட்டாரு."

"அப்படியா? நல்லது, சார்ஜண்ட். நெசமாத்தான் சொல்றேன்." இடது கையால் ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தான். "ஜென்னா உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா."

ஜென்னா அவன் மனைவி. மர்லாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"லைல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ ஃபோன் பண்ணினப்போ எனக்குத் தெரியும். கடிதம் என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். சொல்லியிருக்கலாம். சீஃப் சொன்னாரு, தடையே இல்லையாம். நான் விசாரிக்கக்கூட இல்ல. எனக்கு என் பென்ஷன் பயம்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கையிலிருந்த பாதி டோனட்டைத் தாள் கைக்குட்டையில் வைத்து மேஜை ஓரத்தில் வைத்தான்.

"கெட்ட சேதின்னா சொல்லியிருப்பீங்கன்னு சொன்னேன்ல, அப்போ நீங்க ஒண்ணும் பேசலை. நான் லைன் கட் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்." விரலைத் துடைத்துக்கொண்டான். "ஆலைக்கிட்ட சிக்னல் எப்பவுமே மோசம். இன்னி வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"லாரியை அங்கேயே வரிசையில விட்டுட்டு வந்திருப்பேன்."

அட்டையை மேஜையில் வைத்தான். அதிலிருந்த படம் மூன்று வருஷத்துக்கு முந்தியதுதான், ஆனாலும் படத்தில் இருப்பவன் வேறு யாரோ மாதிரி இருந்தான். கை கொடுக்க வலது கையை நீட்டப்போனவன், பாதியில் நிறுத்தி இடது கையைக் கொடுத்தான். போய்விட்டான்.

மர்லா அட்டை எண்ணைப் பதிவு செய்தாள். திரையில் ஒரு செய்தி வந்தது: 'அட்டை பெறப்பட்டது. ரசீது சார்ஜண்ட் ஹோவ்லாண்டின் ராணுவ மெயிலுக்கு அனுப்பப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும்.' அந்த மெயிலை இனி அவன் திறக்கவே முடியாது. திறக்கும் அட்டை இதோ அவள் கையில் இருக்கிறது.

சன்னல் வழியே பார்த்தாள். அவன் வண்டி இன்னும் கிளம்பவில்லை. வலது கையால் முடியாமல், உடம்பைத் திருப்பி இடது கையால் சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தான். மர்லா கைபேசியை எடுத்துக் கூப்பிட்டாள். அவன் குனிந்து எடுப்பது தெரிந்தது.

"லைல், மர்லா பேசறேன். கார்டு வந்து சேந்ததுக்கு ரசீது உன் ராணுவ மெயிலுக்குப் போயிருக்கு. உன்னால அதைப் பாக்க முடியாது. அதான் வாயால சொல்றேன். உன் கார்டு எண் சரியா இருக்கு. ஆட்சேபம் இருந்தா முப்பது நாளாம். தேதி மே பத்து." சன்னல் கண்ணாடியை ஒட்டி நின்றாள். "கேக்குதா?"

வண்டிக்குள் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கட்டடத்தின் பக்கம் திரும்பவில்லை.

"கேக்குது, சார்ஜண்ட்," என்றான். "இப்ப நல்லாவே கேக்குது."

வண்டி கிளம்பி, வாசல் காவலனிடம் ஒரு கணம் நின்று, வடக்கே திரும்பியது.